தெருக்குத்து வீடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்தவத்சலம் சட்டைப் பையில் ஒரு கோலிக்குண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினால், மனுஷன் வீடு பார்க்கப் போகிறார் என்று ஆவடி குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் தெரியும். பின்னால் அவர் மனைவி லோகநாயகி, கையில் மோர் பாட்டிலும் மடித்த குடையுமாக நடப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு, மேட்னி ஷோவுக்குப் போகிறவர்கள் உண்டு. இவர்கள் இருவரும் வீடு பார்க்கப் போனார்கள். வருஷக்கணக்காகப் போனார்கள்.

கோலிக்குண்டு எதற்கு என்றால், தரையில் வைத்துப் பார்ப்பதற்கு. எந்தப் பக்கம் உருள்கிறதோ அந்தப் பக்கம் தரை சரிவு. இன்னொரு பையில் ஒரு ரூபாய் நாணயம் இருக்கும், சுவரைத் தட்டிப் பார்க்க. பூச்சு உள்ளே விட்டுப் போயிருந்தால் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். கிணற்று நீரைக் கையில் ஏந்திக் குடித்துப் பார்ப்பார். மொட்டை மாடிக்கு ஏறி நாலு பக்கமும் பார்ப்பார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் எதுவரை ஏறும் என்று விசாரிப்பார். எல்லாம் நல்ல காரியம்தான். வீடு வாங்குகிற எவனும் செய்ய வேண்டிய காரியம்தான். ஆனால் எல்லாம் பார்த்து முடித்த பிறகு அவர் வாயிலிருந்து 'சரி' என்ற ஒரு சொல் மட்டும் வராது.

அவருடைய வேலை அப்படி. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தார். மெஷினிலிருந்து வருகிற உருப்படிகளை அளந்து, தட்டி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மயிரிழை குறை இருந்தாலும் சிவப்புப் பெயிண்டால் ஒரு இழுப்பு இழுத்து ஒதுக்கி வைக்க வேண்டும். ஒதுக்கிவிட்டால் கவலை இல்லை. மறுநாள் அதே மாதிரி இன்னொன்று வந்து நிற்கும். இளவயதிலிருந்து இதையே செய்த கைக்கு ஒதுக்குவது ஒன்றுதான் பழகிப் போயிற்று. வீடுகள் அப்படி மறுநாள் வந்து நிற்பதில்லை என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்கிற ஆள் இல்லை.

பயத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. அவருடைய அப்பா வாலாஜாபேட்டையில் ஆசைப்பட்டு ஒரு வீடு வாங்கினார். வாங்கிய பிறகுதான், விற்றவனுக்கு ஒரு தம்பி இருப்பதும் அவன் கையெழுத்துப் போடவில்லை என்பதும் தெரிந்தது. அப்புறம் அந்த மனுஷன் தன் வீட்டில் இருந்ததைவிடக் கோர்ட்டு வராந்தாவில் இருந்ததுதான் அதிகம். சாகிற சமயத்தில் மகனைக் கூப்பிட்டு, "பாக்காம வாங்கிட்டேண்டா" என்றார். வேறு யாராவது என்றால் அழுதுவிட்டு மறந்திருப்பார்கள். பக்தவத்சலம் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டார்.

லோகநாயகிக்கு வேண்டியது அரண்மனை இல்லை. ஆணி அடிக்க ஒரு சுவர் வேண்டும், அவ்வளவுதான். குவார்ட்டர்ஸ் சுவர் சர்க்கார் சுவர், காலி செய்யும்போது கேள்வி கேட்பார்கள் என்று சொல்லிப் பக்தவத்சலம் ஆணி அடிக்க விட்டதே இல்லை. பக்கத்து வீடுகளில் எல்லாம் அடித்திருந்தார்கள், எவரும் வந்து கேட்டதில்லை. இவர்கள் வீட்டில் மட்டும் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. காற்று அடித்தால் முருகன் தெருப்பக்கம் திரும்பிக்கொள்வார். அவள் போய்த் திருப்பி வைப்பாள்.

கல்யாணமான புதிதில் அவள் பூந்தமல்லி பாத்திரக் கடையில் ஒரு சின்ன வெண்கலப் பானை வாங்கினாள். சொந்த வீட்டுக்குக் குடி போகும் அன்று பால் காய்ச்ச. புது வீட்டில் முதன்முதலாகப் பொங்குகிற பால், சாம்பார் கொதித்த பாத்திரத்தில் பொங்கக் கூடாது என்பது அவள் எண்ணம். அதைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினாள். தைப் பொங்கலுக்குக்கூட இறக்கியதில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம், தரகர் சுலைமான் அவர்களைத் திருவேற்காட்டுக்கு அழைத்துப் போனார். பூந்தமல்லியில் சைக்கிள் கடை வைத்துக்கொண்டு வீட்டுத் தரகும் பார்த்தவர். பக்தவத்சலத்துக்கு வீடு காட்டிக் காட்டி அவருக்குக் கால் தேய்ந்து போயிருந்தது.

"சார், இதான் கடைசி, சொல்ட்டேன். சென்னீர்குப்பத்துல காட்னேன், லாரி சத்தம்னீங்க. பட்டாபிராம்ல காட்னேன், தண்ணி உப்புன்னீங்க. இந்த ஊட்டையும் வேணான்னா நீங்களே செங்கல்லு அறுத்து நீங்களே கட்டிக்கினாதான் உண்டு," என்றார்.

கோயிலிலிருந்து தள்ளி, புதிதாக மனை பிரித்த தெருக்களின் நடுவே இருந்தது வீடு. கூடம், இரண்டு அறை, சமையல்கட்டு, பின்னால் கிணறு, கிணற்றடியில் ஒரு நார்த்தை மரம். மேட்டு நிலம். தண்ணீர் இளநீர் மாதிரி இனித்தது. வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்று, விற்பவருக்குத் தம்பியும் இல்லை, தங்கையும் இல்லை. நாணயம் தட்டிய இடமெல்லாம் கெட்டியாக ஒலித்தது. கோலிக்குண்டு வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. பக்தவத்சலம் அதைக் கொஞ்ச நேரம் நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

லோகநாயகி சமையல்கட்டில் இருந்தாள். கிழக்கே ஒரு ஜன்னல், அதன் வழியாக வெயில் மேடைமேல் விழுந்துகொண்டிருந்தது. அவள் மேடையைக் கையால் தடவினாள். இங்கே அடுப்பு, இங்கே அரிசி டின், இந்த மூலையில் அம்மி என்று அவளுக்குள் குடித்தனம் தொடங்கிவிட்டது. கணவர் வாசற்படியில் வந்து நின்றதும் திரும்பினாள்.

"என்னங்க, இது போதுங்க. இதுவே போதுங்க," என்றாள்.

அவள் குரலில் இருந்தது கெஞ்சல். அது அவருக்கும் கேட்டது. 'சரி' என்ற சொல் அன்றைக்கு நிஜமாகவே அவர் தொண்டைவரை வந்தது. ஆனால் எதற்கும் வெளியே போய் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தெருவுக்கு நடந்தார். தெருவின் கோடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தார். அவர் நின்ற இடத்திலிருந்து தெரு ஒரு கோணலும் இல்லாமல் நேராகப் போய் அந்த வீட்டு வாசலில் முட்டி நின்றது. தெருக்குத்து. தெருவின் பார்வை முழுக்க வீட்டின்மேல் இறங்கும், குடியிருப்பவர்களுக்கு ஆகாது என்று ஊரெல்லாம் சொல்கிற தெருக்குத்து. அவர் முகம் கறுத்துவிட்டது.

"தெருக்குத்து இருக்கு பாய். முன்னாடியே சொல்லலியே நீங்க."

சுலைமான் தலையில் அடித்துக்கொண்டார். "இது ஒரு மேட்டரா சார்? சுவத்துல ஒரு மாடம் வெச்சி புள்ளையார குந்த வெச்சா தீந்துது. மெட்ராஸ்ல பாதி ஊட்டு வாசல்ல அவருதான குந்திக்கினு கீறாரு!"

"புள்ளையார் வெச்சிக்கலாங்க," என்றாள் லோகநாயகியும். "வாசல்ல சாமி இருந்தா நமக்கு நல்லதுதானே?"

"பொறுத்துப் பாக்கலாம்," என்றார் பக்தவத்சலம்.

இந்தப் பொறுத்துப் பார்க்கலாம்தான் அவருடைய சிவப்புப் பெயிண்ட். லோகநாயகிக்கு அது தெரியும். மோர் பாட்டில் திறக்காமலே வீட்டுக்கு வந்தது.

அதே தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன் தேவராஜ். அயனம்பாக்கத்துக்காரன். அவன் அப்பா அடுத்தவர் கழனியில் ஏர் ஓட்டியவர், அந்தக் கழனிகள் எல்லாம் மனையாகிவிட்டன. ஒரு வாரம் கழித்துச் சாப்பாட்டு நேரத்தில் தேவராஜ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணாத்தே, திருவேற்காட்டு ஊட்ட நீ வேணான்ட்டியாமே? பாய் சொன்னாரு. நான் எடுத்துக்கட்டுமா? அப்பால மனசுல ஒன்னும் வெச்சிக்கக் கூடாது."

"எனக்கென்னப்பா. ஆனா அது தெருக்குத்து. நான் சொல்லலைன்னு நாளைக்குச் சொல்லாத."

"எங்கப்பன் இருந்த குட்சைக்கு செவுரே கிடையாது அண்ணாத்தே. இதுல குத்து எங்க, கொடச்சல் எங்கன்னு பாக்கச் சொல்ற," என்று சிரித்தான் தேவராஜ்.

வைகாசியில் அவன் குடி போனான். வாசல் சுவரில் மாடம் கட்டி, தெருவைப் பார்த்து ஒரு பிள்ளையாரை வைத்தான். பக்தவத்சலமும் லோகநாயகியும் போயிருந்தார்கள். தேவராஜின் மனைவி வடிவு அந்தக் கிழக்கு ஜன்னலருகே பால் காய்ச்சினாள். பால் பொங்கியபோது மற்றப் பெண்கள் குலவை இட்டார்கள், லோகநாயகியும் சேர்ந்து இட்டாள். பக்தவத்சலம் கூடத்தில் உட்கார்ந்து கேசரி தின்றார். சொல்ல நன்றாக இல்லைதான், ஆனாலும் சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்கு ஏதாவது ஆகட்டும் என்று அவர் உள்ளுக்குள் காத்திருந்தார். கெட்ட எண்ணம் பிடித்த ஆள் இல்லை. தன் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். வருஷங்கள் போயின, ஒன்றும் ஆகவில்லை. வடிவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. நார்த்தை மரம் காய்த்துக் கொட்டியது. ஒவ்வொரு வருஷமும் வடிவு ஒரு பை நிறைய நார்த்தங்காய் கொடுத்து அனுப்புவாள். லோகநாயகி சுருள் சுருளாக நறுக்கி உப்பிட்டு வெயிலில் காய வைப்பாள். பக்தவத்சலம் அந்த ஊறுகாயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவார்.

அவரைக் கெடுத்தது எண்பத்தைந்தாம் வருஷத்து மழை. பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஒருவன் மனை போட்டு விற்றபோது செக்ஷனில் ஏழெட்டுப் பேர் வாங்கிப்போட்டார்கள். பக்தவத்சலமும் போய்ப் பார்த்து, வரப்பில் காய்ந்து கிடந்த நத்தை ஓடுகளைக் காலால் தள்ளிக் காட்டி, வேண்டாம் என்று வந்தவர். அந்த ஐப்பசியில் பெய்த பேய் மழையில் அத்தனை மனையும் மூழ்கியது. அப்போதுதான் கட்டி முடித்த ஒரு வீட்டில் இடுப்பளவு தண்ணீர். "பக்தவத்சலம் சொன்னாருய்யா, நாமதான் கேக்கல" என்று தொழிற்சாலை முழுக்கப் பேச்சு. ஒரு வீட்டை வேண்டாம் என்றது சரியாகப் போனதில், எல்லா வீட்டையும் வேண்டாம் என்றது சரிதான் என்று அவருக்கு உறுதிப்பட்டுவிட்டது.

அப்புறம் குவார்ட்டர்ஸில் யார் வீடு வாங்கினாலும் அவரைக் கூட்டிப்போக ஆரம்பித்தார்கள். வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத குறைதான். அவரும் கோலிக்குண்டை எடுத்துக்கொண்டு போவார். இது வேண்டாம், அது வேண்டாம், இதை எடுத்துக்கோ என்பார். மற்றவர்களுக்கு அவர் வாயில் 'சரி' வந்தது. தாராளமாக வந்தது. அவர் சொன்ன வீடுகளில் அத்தனை பேரும் நன்றாகவே இருந்தார்கள்.

வாழ்நாளில் லோகநாயகி அவரோடு சண்டை போட்டது ஒரே ஒரு தடவை. யாரோ புதுமனைப் புகுவிழாப் பத்திரிகையும் வேட்டி துண்டும் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போன சாயங்காலம் அது.

"ஊருக்கெல்லாம் சரின்னு சொல்றீங்க. எனக்கு ஒரு தடவை சொன்னா என்ன?"

"அவங்களுக்குத் தப்பாப் போனா அவங்க பாடு. நமக்குத் தப்பாப் போனா யாரு பதில் சொல்றது?"

"தப்பாவே போகட்டுமேங்க. ஒழுகட்டும், வெடிப்பு விடட்டும். நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். சாமி சத்தியமாக் கேக்க மாட்டேன்."

அவர் எழுந்து போய்க் கை கழுவினார். அவளும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மோர் பாட்டிலோடு கூடப் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

இதற்குள் நிலத்தின் விலை அவரை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்திருந்தது. போன வருஷம் வேண்டாம் என்று வந்த வீட்டை இந்த வருஷம் அண்ணாந்து பார்க்க வேண்டியதாயிற்று. விலை ஏறியதும் ஒரு குறையாகச் சேர்ந்துகொண்டது. மகள் கஸ்தூரியின் கல்யாணம் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே நடந்தது. அவள் வேலூருக்குப் புருஷன் வீடு போய்ச் சேர்ந்தாள். அவளுக்காவது சொந்தச் சுவர் கிடைத்ததே என்று லோகநாயகி திருப்திப்பட்டாள்.

தொண்ணூற்று நாலில் பக்தவத்சலம் ரிட்டயர் ஆனார். மாலை போட்டு, கைக்கடிகாரம் கொடுத்து, குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். அவசரத்தில் வீடு வாங்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் அம்பத்தூரில் வீரராகவன் என்பவர் புதிதாகக் கட்டிய வீட்டின் மாடிப் போர்ஷனுக்கு வாடகைக்குப் போனார்கள். சாவியைக் கொடுக்கும்போதே வீரராகவன் பணிவாகச் சொன்னார்: "சார், புதுப் பூச்சு. ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க." காலண்டர் மறுபடியும் ஜன்னல் கம்பிக்குப் போயிற்று.

பரணில் இருந்த வெண்கலப் பானையும் கூடவே வந்தது. வேட்டித் துணி நைந்து போயிருந்ததால், அவருடைய தொழிற்சாலைக் காக்கிச் சட்டை ஒன்றைக் கிழித்துச் சுற்றினாள்.

அந்த மாடிப்படிதான் அவள் உயிரை வாங்கிவிட்டது. ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவள். கால் வீங்கத் தொடங்கியதும் டாக்டரிடம் காட்டினார்கள். இருதய வால்வு சரியில்லை, படியே ஏறக் கூடாது என்றார். படி ஏறாமல் மாடியில் எப்படிக் குடியிருப்பது? கீழ்வீடாகப் பார்க்கிறேன் என்று பக்தவத்சலம் மும்முரமாகக் கிளம்பினார். வாடகைக்கே பார்த்திருக்கலாம். இந்தத் தடவை சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்றார். திருமுல்லைவாயில், கோலடி, மறுபடியும் பட்டாபிராம் என்று வெயிலில் அலைந்தார். ஒரு நாள் வந்து, எல்லாம் பொருந்திய மாதிரி ஒரு வீடு இருக்கிறது, ஆனால் எதிரில் டிரான்ஸ்ஃபார்மர் என்றார்.

கட்டிலில் சாய்ந்திருந்த லோகநாயகி, "சமையக்கட்டு ஜன்னல் கிழக்கயா?" என்று கேட்டாள்.

"இல்ல, தெற்க."

"அப்ப இன்னும் பாருங்க," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கேலி செய்தாளா, நிஜமாகவே சொன்னாளா என்று அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

தொண்ணூற்றாறு தை மாதம், காயப்போட்ட துணியை எடுக்கக் கீழே இறங்கியவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குமேல் எழுந்திருக்கவில்லை. தேவராஜுக்குச் சொல்லி அனுப்ப, அவன் ஆட்டோவோடு வந்தான். ஆஸ்பத்திரியில் சில நாள் இழுத்துக்கொண்டு கிடந்து, ஒரு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை வீடு என்ற சொல்லை அவள் எடுக்கவில்லை. பக்தவத்சலத்துக்கு அதுதான் தாங்கவில்லை.

இரண்டு நாள் முன்புதான் மகள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள், வேலூருக்குத் தந்தி கொடுத்தாயிற்று. கஸ்தூரி வந்து முகம் பார்க்கும்வரை வைத்திருக்க வேண்டும். வண்டி சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் பக்தவத்சலமும் தேவராஜும் நின்றபோது வீரராகவன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பக்தவத்சலத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அம்மா எனக்கு அக்கா மாதிரி. ஆனா எம் பொண்ணு கல்யாணத்துக்கு முந்தாநாள்தான் பந்தக்கால் நட்டோம். பந்தக்கால் நட்ட வீட்டுக்குள்ள... எங்க சம்பந்தி ரொம்பப் பாக்கறவங்க. நீங்க பெரியவர், உங்களுக்குத் தெரியாதது இல்ல. நேரா அங்கயே கொண்டு போயிட்டா..."

அங்கயே என்றால் சுடுகாட்டுக்கு. வீரராகவன் கெட்டவர் இல்லை, கண்ணில் நீரோடுதான் சொன்னார். பந்தக்கால் நட்ட வாசலில் பிணத்தை இறக்க எந்தத் தகப்பன் சம்மதிப்பான்? பக்தவத்சலமே அவர் இடத்தில் இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார், இதைவிடக் கறாராகச் சொல்லியிருப்பார். அவர் தலையை ஆட்டினார். வீரராகவன் போன பிறகும் ஆட்டிக்கொண்டே நின்றார்.

எத்தனை வீட்டு வாசலில் கோலிக்குண்டோடு ஏறி இறங்கியிருப்பார்! திருநின்றவூரிலிருந்து சென்னீர்குப்பம்வரை அவர் கால் படாத புது வீடு உண்டா? இன்றைக்குப் பெண்டாட்டியைக் கிடத்த ஒரு வாசல் இல்லை. குளிப்பாட்ட ஓர் இடம் இல்லை. மகள் வந்து எங்கே உட்கார்ந்து அழுவாள்? சுடுகாட்டு மேட்டிலா? மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா அண்ணாத்தே யோசிச்சிகினு கீற," என்றான் தேவராஜ். "நம்மூட்டுக்குக் கொண்டாந்துடலாம்."

பக்தவத்சலம் நிமிர்ந்து பார்த்தார். ரத்த சம்பந்தம் இல்லாத பிணத்தைத் தன் வீட்டுக்குள் யாரும் ஏற்றமாட்டார்கள். சொந்தத் தம்பியே வாசலோடு நிறுத்திவிடுகிற ஊர்.

"வேணாம்ப்பா. பிள்ளைங்க இருக்கற வீடு. வடிவு என்ன சொல்லும்?"

"அவதான் சொல்லி அனுப்ச்சா. அண்ணி ஒருக்கா வந்தப்போ சமையக்கட்டுல நின்னு, 'நான் குடி வரவேண்டிய ஊடு வடிவு'ன்னு சொல்லி அழுதுச்சாமே. உனக்குத் தெரியுமா? உன்கிட்ட சொல்லாதன்னு சொல்லிச்சாம். வா, வண்டி வந்துருச்சு."

தெரியாது. அவருக்குத் தெரியாது. வண்டியில் லோகநாயகியின் கால்மாட்டில் உட்கார்ந்து வந்தார். திருவேற்காட்டுத் தெருக்கோடியில் வண்டி நுழைந்தது. எந்தத் திருப்பமும் இல்லாமல் நேரே போய் வாசலில் நின்றது. மாடத்துப் பிள்ளையாருக்கு யாரோ ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள்.

வடிவு அவளைக் கிணற்றடியில் நார்த்தை மரத்து நிழலில் குளிப்பாட்டினாள். மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்து, கூறைப் புடவை கட்டிக் கூடத்தில் கிடத்தினார்கள். தெருக்காரர்கள் வந்தார்கள். யாருடைய சாவு என்று கேட்டவர்களிடம், "எங்க அக்கா" என்றாள் வடிவு. மத்தியானம் கஸ்தூரி வந்தாள். அம்மாவின்மேல் விழுந்து அழுதாள். அழுகை ஓய்ந்து நிமிர்ந்தபோது சுற்றிலும் பார்த்தாள், கூடத்தை, சமையல்கட்டை, அந்த ஜன்னலை. சிறுமியாக இருந்தபோது அம்மா இந்த வீட்டைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். அப்பாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும், திட்டாகவே இருந்தாலும். அவள் சொல்லவில்லை.

சாயங்காலம் எடுத்தார்கள். மகன் இல்லாததால் பக்தவத்சலமே கொள்ளி வைத்தார்.

மறுநாள் காலை பால். எலும்பெடுத்துப் பால் தெளிக்க ஒரு பாத்திரம் வேண்டும், வீட்டில் புழங்காத பாத்திரமாக இருந்தால் நல்லது என்று பெரியவர் ஒருவர் சொன்னார். அம்பத்தூருக்கு அப்பாவின் மாற்று வேட்டி எடுக்கப் போயிருந்த கஸ்தூரி, திரும்பி வரும்போது காக்கித் துணி சுற்றிய ஒரு பொட்டலத்தையும் கொண்டுவந்திருந்தாள். கூடத்தில் வைத்துப் பிரித்தாள். வெண்கலப் பானை. அடியில் ஒரு கரிப்புள்ளி இல்லை. நேற்றுத்தான் கடையிலிருந்து வந்த மாதிரி பளபளத்தது.

பக்தவத்சலம் அதைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போனார். "அது வேணாம்மா. அது உங்கம்மா..."

"பாலுக்குன்னுதானப்பா வாங்கி வெச்சிருந்தா," என்றாள் கஸ்தூரி. "வேற எதுக்கு வெச்சிருக்கணும் இனிமே?"

வடிவு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கஸ்தூரி பாலை ஊற்றி, பானையை அப்பாவின் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். வாசற்படி இறங்கி, தேவராஜும் மற்றவர்களும் முன்னால் போக, அந்த நேர்த்தெருவில் நடந்தார். நடக்கும்போது அழுதார். துடைக்கக் கை இல்லை.

தெருக்கோடிக்கு வந்ததும் நின்றார். அன்றைக்கு மாசி மாதத்தில் நின்ற அதே இடம். திரும்பிப் பார்த்தார். தெரு நேராகப் போய் வாசலைத் தொட்டது. கதவு திறந்திருந்தது. கூடமும் அதற்கு அப்பால் சமையல்கட்டின் வெளிச்சமும் இங்கிருந்தே தெரிந்தன. அவர் வழக்கம்போல் குறை தேடினார். இத்தனை வருஷப் பழக்கத்தை அந்த நேரத்தில்கூட அவரால் விட முடியவில்லை. மேலிருந்து கீழ்வரை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, வெகுநேரம் தேடினார். அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை.

"வா அண்ணாத்தே," என்று தேவராஜ் வந்து அவர் தோளைத் தொட்டான். "வெயில் ஏறுது. பால் கெட்டுரும்."